வெள்ளைப் பக்கம் மேலே

உக்காருங்க தம்பி. சைக்கிள் டீமுங்களா நீங்க? போன வருசம் நானும் ஓட்டுனேனுங்க. இதே ராமேஸ்வரம், இதே மூணு நாளு. அந்தா சுவத்துல இருக்குதே சீல்டு, அதுக்குக் குடுத்ததுதான். பிளெக்ஸ் டிசைன் அஞ்சு நிமிச வேலை. எழுதிட்டு வந்த காயிதத்தைக் குடுங்க பாக்கலாம். ‘புற்றுநோயுடன் போராடும் என் அன்னை சுலோச்சனா அவர்களுக்காக.’ சரி. சிவப்புல போட்டா எடுப்பா இருக்கும்.

ஒண்ணு கேக்கறேன். அம்மாவுக்குத் தெரியுமுங்களா?

ஏனுங்க, கேட்டதுக்குத் தலையைக் குனிஞ்சா எப்படி?

சரி, விடுங்க. நானே சொல்றேன். அம்மா வெளிய வர்றதில்லை. உங்க தெருவுல இதைக் கட்ட மாட்டீங்க. கேன்சர்னு காதுல விழுந்தாலே பாதி உசுரு போயிரும், அதனால வேற எதையோ சொல்லி வெச்சிருக்கறீங்க. என்ன சொன்னீங்க? அல்சரா? நான் கல்லுன்னு சொன்னேனுங்க. பித்தப்பைல கல்லு.

என்ற சம்சாரம் பேரு நாகரத்தினம். நான் ரத்தினான்னு கூப்புடுவேன். போன வருசம் ஆனி மாசம் அவளுக்குக் கண்ணு மஞ்சளாச்சு. ஒடம்பெல்லாம் அரிப்பு. கீழாநெல்லிய அரைச்சு மோருல கலக்கிக் குடிச்சா, கேக்கலை. கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனேன். டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சு டாக்டரு என்னைய மட்டும் உள்ள கூப்பிட்டாரு. கணையத்துலீங்க. ஆபரேசன் பண்ற கட்டம் தாண்டிருச்சு, அஞ்சு மாசமோ ஆறு மாசமோன்னு சொன்னாரு. “அவங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?”ன்னு கேட்டாரு. நான் அவரு கையைப் புடிச்சுக்கிட்டேன். “சார், நீங்க சொல்லாதீங்க. நேரம் பாத்து நானே சொல்லிக்கறேன்”னேன்.

நேரம் பாத்து! அதை நெனைச்சா இன்னைக்கும் என்னைய நானே செருப்புல அடிச்சுக்கோணும் போல இருக்குது.

வெளிய பெஞ்சுல அவ உக்காந்திருந்தா, மடியில டிபன் பை. “என்னங்க சொன்னாரு?”ன்னா. “பித்தப்பைல கல்லு. மருந்துலயே கரைஞ்சுரும்”னேன். அவ்வளவுதாங்க, வாயில வந்த மொதப் பொய்யி. “நல்லவேளை, நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்”னு சொல்லிட்டு, பையைத் தொறந்து இட்லிய எடுத்து என்ற கையில குடுத்தா. நான் தின்னேனுங்க. நாலு இட்லி.

அப்புறம் ஊட்டுல உக்காரவே முடியலை. அவ எதுக்க வந்தா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். அப்பத்தான் நம்ம பரணி, சைக்கிள் கிளப்பு செக்ரட்டரி, தெரியுமில்ல உங்களுக்கு, “அண்ணா, கேன்சர் நோயாளிகளுக்கு உதவறதுக்காக ராமேஸ்வரம் வரைக்கும் ஓட்டறோம், நீங்களும் வாங்க”ன்னு கூப்பிட்டான். எனக்குச் சாமியே வந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அடுத்த நாளே சைக்கிள் வாங்கிட்டேன். வெடிய எந்திரிச்சு அவிநாசி வரைக்கும், பெருமாநல்லூர் வரைக்கும் மிதிப்பேன். மூணு மாசம் ஒரு நாளும் விடலை. அவ தனியா எந்திரிச்சு, தனியா மாத்திரை போட்டு, தனியாக் கெடப்பா. இருந்தாலும் நான் மிதிச்சது அவளுக்காகத்தானுங்களே. வேற யாருக்காக மிதிச்சேன் சொல்லுங்க?

ஒரு நாள் கேட்டா. “யாருக்காகங்க இப்படி வேர்க்க வேர்க்க ஓட்டறீங்க?” “கேன்சர் வந்தவங்களுக்காக”ன்னேன். அட சாமி, அவ மொகம் போன போக்கைப் பாக்கோணுமே. “பாவம், யாரு பெத்த புள்ளைகளோ”ன்னு சொல்லிட்டு, சாமி ரூமுக்குப் போயி ஒரு மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வெச்சா. அவங்களுக்கெல்லாம் நல்லாகோணும், நல்லானதும் பழனிக்குக் கொண்டு போயி உண்டியல்ல போடோணும்னு வேண்டிக்கிட்டா. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்ப சொல்லியிருக்கலாம். அது நேரம் இல்லைன்னு பட்டுச்சு.

பிளெக்ஸ் நான்தான் டிசைன் பண்ணேன். இருபத்திரண்டு வருசமா இந்தத் தொழில் பண்றேன். ஊருக்கெல்லாம் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலின்னு அடிச்சுக் குடுத்த கை. என்ற சொந்த பிளெக்ஸ்னா விட்டுருவனா? ஹெல்மெட் போட்டு, ரெண்டு கட்டை விரலையும் தூக்கிச் சிரிச்ச மாதிரி என்ற போட்டோ. அதுக்குக் கீழ, ‘புற்றுநோயுடன் போராடும் தன் துணைவி நாகரத்தினத்துக்காக 310 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் மேற்கொள்ளும் மயில்சாமியை வாழ்த்தி வரவேற்கிறோம்.’ அவ பேரை மட்டும் பெருசா, மஞ்சள்ல. பரணிதான் சொன்னான், பேரு இருந்தாத்தான் சனங்க நின்னு படிப்பாங்கன்னு. நான் கெட்டிக்காரனுங்க, திருப்பூருக்குள்ள ஒண்ணுகூடக் கட்ட விடலை. எல்லாம் தாராபுரத்துல இருந்து அந்தப் பக்கம். அவ கண்ணுல பட வழியே இல்லைன்னு நெனைச்சேன்.

தாராபுரம்னு சொன்னேனில்ல. அங்கதான் அவ அக்கா இருக்கறாங்க, விசாலாட்சின்னு. அக்காளும் தங்கச்சியும் பேசி அப்பவே ஒம்பது வருசம். அதுக்கும் ஒரு பிளெக்ஸ்தானுங்க காரணம். எங்க பொண்ணு பெரிய மனுசியான சீருக்கு மண்டபத்து வாசல்ல பதினாறடிக்கு ஒண்ணு வெச்சேன். சொந்தக்காரங்க போட்டோ மொத்தமும் அதுல. விசாலக்கா போட்டோ மட்டும் விட்டுப் போச்சு. எடம் பத்தலீங்க, நான் என்ன பண்ணட்டும்? ஒரு கவுன்சிலர் போட்டோவைக் கடைசி நேரத்துல சேக்க வேண்டியதாப் போச்சு. அந்தம்மா தட்டைக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னு, அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் ஒவ்வொரு மொகமாத் தேடுனாங்களாம். அப்புறம் தட்டை வாசப்படியிலயே வெச்சுட்டுத் திரும்பிப் போயிட்டாங்க. இதுக்கெல்லாமா ஒருத்தரு ஒம்பது வருசம் பேசாம இருப்பாங்க?

ரத்தினா அழுவா. போனைக் கையில எடுப்பா, வெச்சுருவா. காச்சல்ல கெடந்தப்பக்கூட, “ஒடம்பு நல்லாகட்டும், தையில நேர்லயே போயி அக்கா கால்ல விழுந்துக்கறேன்”னா. “போலாம், தையில போலாம்”னு நானும் தலையை ஆட்டுனேன். டாக்டரு சொன்ன கணக்குல தை மாசமே இல்லைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஆட்டுனேன்.

ஓட்டம் புரட்டாசியில. மொத நாளு காங்கயம் தாண்டி தாராபுரம் பஸ் ஸ்டாண்டு கிட்ட மோர் குடுத்தாங்க. எறங்கி நிக்கறேன், ஒரு பொம்பளை கூட்டத்தைத் தள்ளிட்டு ஓடி வருது. விசாலக்கா. தலையெல்லாம் கலைஞ்சு கெடக்குது, கால்ல செருப்பு இல்லை. என்ற பிளெக்ஸைக் கையைக் காட்டி, “தம்பி, இது நம்ம ரத்தினாளா? நம்ம ரத்தினாளையா போட்டிருக்குது?”ன்னு என்ற சட்டையைப் புடிச்சுக்கிட்டாங்க. நான் தலையை ஆட்டுனேன். அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாங்க. “இப்பவே பஸ் ஏறறேன்”னு சொன்னாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமுங்களா? “வராதீங்கக்கா”ன்னேன். “ஒம்பது வருசம் பேசாம இருந்துட்டு இப்பத் திடுதிப்புனு வந்து நின்னீங்கன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துரும். அவளுக்குக் கல்லுன்னுதான் சொல்லியிருக்கறேன். நீங்க வந்தீங்கன்னா அவ உசுரு போயிரும், அந்தப் பாவம் உங்களைத்தான் சேரும்”னேன். அந்தம்மா வாயைச் சேலைத் தலைப்புல பொத்திக்கிட்டு, “சரி தம்பி, வரலை. எம்மேல சத்தியமா வரலை”ன்னாங்க. கெளம்பச் சொல்லிப் பரணி விசில் அடிச்சுட்டான். நான் சைக்கிள் ஏறிட்டேன். திரும்பிப் பாத்தப்பவும் ரோட்டுலதான் உக்காந்திருந்தாங்க.

ராமேஸ்வரத்துல கடலைப் பாத்ததும் அழுகை வந்துருச்சு. மேடை போட்டு மைக்கைக் குடுத்தாங்க. முன்னப் பின்னத் தெரியாத சனம், எப்படியும் எரநூறு பேர் இருப்பாங்க. “என்ற பொண்டாட்டிக்குக் கேன்சருங்க, அவ பொழைக்க மாட்டாளுங்க”ன்னு சொன்னேன். அழுதுட்டே சொன்னேன். எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க. ஒரு அம்மா வந்து என்ற கால்ல விழுந்துச்சு.

ஊட்டுக்கு வந்ததும் ரத்தினா என்ற காலுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுத்தா. “பூரா நல்லபடியா முடிஞ்சுதா?”ன்னா. “முடிஞ்சுது”ன்னேன்.

இனிமேத்தான் கேளுங்க. ரோட்டுல கட்டுன பிளெக்ஸை எல்லாம் அவுத்து வேன்ல போட்டு, இந்தக் கடைக்குப் பின்னால குமிச்சு வெச்சிருந்தாங்க. ஐப்பசி மழை. எங்க ஊட்டுப் பொடக்காளில, அதான் பின்பக்கம், வெளிப் பாத்ரூம் ஒண்ணு உண்டு. நாலு சுவரு, மேல தென்னங்கீத்து, பக்கத்துலயே வெந்நீர் அடுப்பு. நான் உள்ள இருக்கற பாத்ரூம்ல குளிச்சுக்குவேன். அவளுக்கு அங்க தண்ணி வாத்துக்கிட்டாத்தான் திருப்தி. கீத்து இத்துப் போயி ஒழுகுதுன்னு எங்கிட்டப் பத்து தடவை சொல்லியிருப்பா. நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டே வந்தேன். கோயமுத்தூர்ல எங்களுக்குப் பாராட்டு விழா நடந்த அன்னைக்கு அவளே கடைக்குப் போன் பண்ணி, “பழைய பிளெக்ஸ் ஏதாச்சும் இருந்தாக் கொண்டு வந்து கட்டிக் குடுப்பா”ன்னு கேட்டிருக்கறா. ஊருக்குள்ள எல்லாரு ஊட்டுலயும் அதானுங்களே கூரை.

போனை எடுத்தவன் மனோஜ். பீகாருக்காரன், ரெண்டு புள்ளைக்கு அப்பன், எங்கிட்ட ஏழு வருசம். தமிழ் நல்லாப் பேசுவான். படிக்கத் தெரியாது. குமியல்ல மேல கெடந்ததை எடுத்துட்டுப் போயி, கீத்தைப் பிரிச்சுப் போட்டுட்டு, மூங்கிலு மேல இழுத்துக் கட்டிட்டான். வெள்ளைப் பக்கம் மேலே. வெள்ளைப் பக்கம் மேல இருந்தாத்தான் வெயில் தாங்கும், அதான் வழக்கம். அவன் அதுக்கு மட்டும் பண்ணலை. அப்புறம் கேட்டதுக்குச் சொல்றான், “மொதலாளி போட்டோ வெயில்ல கெட்டுப் போயிரும்ணா, உள்பக்கம் இருந்தா அக்கா தெனமும் பாப்பாங்க”ன்னு.

தெனமும் பாத்தா. இருபத்திமூணு நாளு.

எனக்கு எப்பத் தெரியும்ங்கறீங்க? பொறுங்க, சொல்றேன்.

அந்த இருபத்திமூணு நாள்ல ஊட்டுல அதிசயமா நடந்துச்சுங்க. விழா முடிஞ்சு நான் சீல்டோட வர்றேன், ஊட்டு வாசல்ல விசாலக்கா செருப்பு. உள்ள அக்காளும் தங்கச்சியும் ஒரே போர்வைக்குள்ள உக்காந்திருக்கறாங்க. ரத்தினாதான் போன் பண்ணி வரச் சொன்னாளாம். “சும்மா கூப்புடோணும்னு தோணுச்சுங்க”ன்னா. ராமநாதசாமி கண்ணத் தொறந்துட்டாரு, நான் மிதிச்ச மிதிக்குப் பலன்னு நெனைச்சேன். அப்புறம் பெங்களூர்ல இருக்கற பொண்ணைக் கொழந்தையோட வரச் சொன்னா. பத்து நாள் பேரனைக் கீழ எறக்கலை. பொண்ணுக்குப் பட்டுச்சேலைகளைப் பிரிச்சு வெச்சு, எது எதுக்கு எந்த வருசம் எடுத்ததுன்னு கதை சொன்னா. பக்கத்து ஊட்டு அம்மாகிட்டப் பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்டா. எல்லாருகிட்டயும் பேசுனா, தம்பி. எல்லாருகிட்டயும்.

எங்கிட்ட மட்டும் ஒரே கேள்வி. அதுக்கு முன்ன ஒரு நாளும் கேட்டவ இல்லை. அன்னையில இருந்து பொழுது சாஞ்சா என்ற பக்கத்துல வந்து உக்காந்துக்குவா. “ஏனுங்க, கல்லு கரையுதாமா?” “நெம்பக் கரைஞ்சுருச்சாம்.” “டாக்டரு நெசமாலுமே கல்லுன்னுதான் சொன்னாருங்களா?” “பின்ன என்ன, நான் பொய்யா சொல்றேன்?” கத்திக்கூட இருக்கறேன் ஒரு நாளு. பயந்து கேக்கறான்னு நெனைச்சு, இன்னும் தெம்பாச் சொன்னேன். ஒரு நாள் எக்ஸ்ரே காயிதத்தை எடுத்துக் காட்டி, “பாரு, இத்தனூண்டுதான் பாக்கி”ன்னேன். அவ காயிதத்தைப் பாக்கவே இல்லை. என்ற மொகத்தையே பாத்துட்டு இருந்தா.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் எந்திரிக்க முடியாமப் போச்சு. கடைசியா நெனப்போட பேசுன அன்னைக்குச் சாயங்காலம், எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டு என்னைய மட்டும் கூப்பிட்டா. “ஏனுங்க, எங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா?”ன்னா.

அதுக்கு மேல ஒருத்தி எப்படிக் கேப்பா, சொல்லுங்க.

நான் சொன்னேன், “என்னத்தைச் சொல்றது? நல்லாயிருவே. தையில பழனிக்குப் போலாம்.” என்ற கையை எடுத்துக் கன்னத்துல வெச்சுக்கிட்டா. “செரி”ன்னா. “செரி, போலாம்”னா. அடுத்த நாள் மத்தியானம் போயிட்டா.

அதுக்கடுத்த நாளு மின்மயானத்துல முடிச்சுட்டு வந்தோம். தண்ணி வாத்துக்காம ஊட்டுக்குள்ள போகக் கூடாதுங்களே. வெளிப் பாத்ரூமுக்குப் போனேன். நான் அந்தப் பக்கம் போயே ஒரு வருசம் இருக்கும். கதவைச் சாத்திட்டு மொதக் குடத்தைத் தலைக்கு ஊத்தி அண்ணாந்து பாக்கறேன்.

நாலு மணி வெயிலு. வெள்ளைப் பக்கம் மேல வெயில் அடிச்சா உள்ள எழுத்தெல்லாம் ஜெகஜோதியா இருக்குமுங்க. ரெண்டு கட்டை விரலையும் தூக்கிட்டு நான் சிரிக்கறேன். கீழ அவ பேரு மஞ்சள்ல. அதுக்கு முன்னால அந்த வார்த்தை. நானே பாத்துப் பாத்து வெச்ச எழுத்து, எம்பதடி தள்ளி நின்னாலும் படிக்கலாம். அவ ஒண்டியா, துணி இல்லாம, அந்த வத்திப் போன ஒடம்புல சொம்புத் தண்ணிய ஊத்திக்கிட்டு இதைப் படிச்சிருக்கறா. புருசன் பல்லைக் காட்டிட்டு நிக்கறதைப் பாத்துட்டே படிச்சிருக்கறா. என்ற ரத்தினா.

ஈரத் துண்டோட வெளிய ஓடி வந்து விசாலக்காகிட்ட, “அவளுக்குத் தெரியுமா?”ன்னு கத்துனேன். அந்தம்மா அழுகலை. அடுப்புக்கிட்ட உக்காந்து நெருப்பைத் தள்ளிட்டே சொன்னாங்க. “கட்டுன அன்னைக்கே எனக்குப் போன் பண்ணிட்டா தம்பி. ‘யாருக்கோன்னு நெனைச்சு எனக்கே காசு முடிஞ்சு வெச்சிருக்கறேன் பாருக்கா’ன்னு சிரிச்சா. உங்ககிட்டக் கேளுன்னு நாந்தான் சொன்னேன். அதுக்கு அவ, ‘எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுத்தான் அந்த மனுசன் ரெண்டு வாய் சோறு திங்கறாரு. கேட்டு ஒடைக்க வேண்டாம். நான் வழி விட்டு உக்காந்திருக்கறேன், அவரா வந்து சொல்லட்டும். அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் நல்லா அழுதுக்கறோம்’னா. தெனமும் காத்துட்டு இருந்தா தம்பி.”

மூணாம் நாளு மனோஜைக் கடையை விட்டு அனுப்பிட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டுனேன். எல்லாம் அவனால வந்தது. அவன் வேற ஏதாச்சும் ஒண்ணைக் கட்டியிருந்தான்னா, ஒரு ஜவுளிக்கடை பிளெக்ஸைக் கட்டியிருந்தான்னா, அவ நிம்மதியாப் போயிருப்பா.

விசாலக்கா இதைக் கேட்டுட்டு, “அப்படீன்னா நான் அவளைப் பாத்தே இருக்க மாட்டேன் தம்பி”ன்னாங்க. இருந்தாலும் அவன் மேல இன்னமும் எனக்குக் கோவந்தானுங்க. வேற யாரு மேல கோவப்படறதுன்னு தெரியலை.

அந்த பிளெக்ஸைக் கழட்டச் சொல்லிப் பொண்ணு எத்தனையோ தடவை சொல்லிருச்சு. கழட்டலை. நான் இப்பெல்லாம் அங்கதான் தண்ணி வாத்துக்கறேன். குழாயைத் தொறந்து விட்டுட்டு, வெளிய கேக்காத மாதிரி, தெனமும் அவகிட்டச் சொல்றேன். “ரத்தினா, உனக்கு வந்திருக்கறது கல்லு இல்லை சாமி. கேன்சரு.” அவ்வளவுதானுங்க. எண்ணிப் பாத்துட்டேன் தம்பி, ஒரு மூச்சு கூட முழுசா ஆகறதில்லை.

காயிதம் இங்கயே இருக்கட்டும். மிசினு எங்கயும் போயிராது. நீங்க ஊட்டுக்குப் போயி அம்மாகிட்ட உக்காந்துட்டு, அப்புறமா வாங்க.